மழைக்கு வைத்த துணி

"மண்ணின் மகள்… மரங்களின் மனசாட்சி…" என்று கலைக்கழகத் தலைவர் இரங்கலுரையின் மூன்றாவது தாளைப் புரட்டியபோது சமையலறைத் தகரக் கூரையில் தூறல் சடசடத்தது. ஓவியம் செய்துவந்த மனைவியின் சவப்பெட்டித் தலைமாட்டில் நின்றிருந்த கணவர் மெல்ல நழுவிப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார்.

நாலு செங்கல் மேல் ஒரு பலகை. அதில் இழுத்துக் கட்டிய பழைய படுக்கை விரிப்பு. அதன் மேல் தைத்த மரப்பட்டை, சருகு, துருப்பிடித்த ஆணிகள், அப்பிய செம்மண். அவளுடைய கடைசிப் படம். துருவும் மண்ணும் துணியில் எந்த வழியாக ஓட வேண்டும் என்பதை மழைதான் வரையும். அதுதான் அவளுடைய வேலைமுறை. திங்கட்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து வெளியே வைக்கச் சொன்னாள். "நான் சொன்னதும் தூக்கிடுங்க. கொஞ்சம் அதிகமானாலும் எல்லாம் கழுவிட்டுப் போயிடும்." மழைக்கு முன்னால் அவள் போய்விட்டாள், நேற்று விடியற்காலை.

தலைவர் தாள்களோடு பின்னாலேயே வந்தார்.

"சார், நனையுது பாருங்க. முதல்ல உள்ள எடுங்க. இது நாட்டோட சொத்து."

பதினோரு வருஷம் அவளுடைய விண்ணப்பங்களில் 'குப்பை' என்று கைப்பட எழுதித் திருப்பி அனுப்பியவர் இவர்தான். கலைக்கழகத்தில் குப்பை சொத்தாகப் பதவி உயர, செய்தவள் செத்தால்தான் ஆகும் போலிருக்கிறது.

"நனையட்டும்."

"நாசமாயிடும் சார்."

"மழைக்குத்தான் வெச்சிருக்கா. நீங்க உள்ள போங்க, உங்க பேப்பர் நனையுது."

மரங்களின் மனசாட்சியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தலைவர் உள்ளே ஓடினார்.

மழை வலுத்தது. பட்டையிலிருந்து பழுப்பு இறங்கியது. ஓர் ஆணியிலிருந்து செம்மஞ்சள் கோடு ஒன்று கிளம்பி, சருகைச் சுற்றிக்கொண்டு போனது. அது நன்றாக இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் டிப்போவில் பஸ்களை நிமிஷம் பிசகாமல் அனுப்பியவர். "எத்தனை நிமிஷம்னு சொல்லிடேன், நான் பார்த்துக்கறேன்" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். "மழை என்ன உங்க டிப்போ வண்டியா?" என்று சிரித்தாள். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்து, "போதும், எடுங்க" என்று அவள்தான் சொல்வாள். தூக்குவது மட்டும் அவர் வேலை.

பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இப்போதா? கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது? ஒரு மூலையில் செம்மண் கரைந்து செங்கல்லில் வழிய ஆரம்பித்தது.

ஜன்னலில் அவளுடைய தங்கை எட்டிப் பார்த்தாள். "அத்தான், என்ன இது, உள்ள வாங்க. காய்ச்சல் வந்து படுத்துட்டா யாரு பார்ப்பா?"

"போதுமான்னு பாரும்மா."

"எது?"

"இதுதான். போதுமா?"

"எனக்கு என்ன தெரியும்? அக்காவைத்தான்…" பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் பலகையை விட்டார். சேற்றுக் காலோடு கூடத்துக்குள் நடந்தார். நான்காவது தாள் பாதியில் நின்றது. பெட்டியின் மேல் குனிந்து, கொல்லையிலிருந்து ஜன்னலைப் பார்த்து எப்போதும் கேட்கிற குரலில் கேட்டார்.

"போதுமா?"

அவர் தலைமுடியிலிருந்து சொட்டிய நீர் அவள் கன்னத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பூசிவிட்ட பவுடரைக் கரைத்துக்கொண்டு காதுப் பக்கமாக மெல்ல இறங்கியது. அது எந்த வழியாகப் போகிறதென்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.