ஒன்றாம் வகுப்பும் ஒரு அண்டா குழம்பும்

தத்சுமி சாருக்குக் குரல்தான் எல்லாம். மைதானத்தின் இந்த மூலையில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால், அந்த மூலையில் உருளும் பந்துகூட நின்றுவிடும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். ஒலிபெருக்கி மக்கர் பண்ணினால் தலைமையாசிரியர் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார். இருபத்துமூன்று வருஷமாக ஐந்தாம், ஆறாம் வகுப்புகளை அந்தக் குரலை வைத்தே ஓட்டிவிட்டார்.

ஜப்பானில் ஏப்ரலில்தான் பள்ளி திறக்கும். இந்த ஏப்ரலில் அவருக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டிய டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் வேறு ஆள் இல்லை.

முதல் நாள், இருபத்தேழு பிள்ளைகள் முதுகை விடப் பெரிய தோல் பைகளோடு உள்ளே வந்தார்கள். வெளிச்செருப்பைக் கழற்றி உள்செருப்பைப் போட்டுக்கொள்ளவே அரை மணி நேரம். சார் வழக்கம்போல, "எல்லாரும் உட்காருங்க!" என்றார். நாலு பேர் அழுதார்கள். ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டான்.

பக்கத்து வகுப்பு ஓகினோ டீச்சர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுகூட ஆகாதவள். ஆனால் ஆறு வருஷமாக ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள்.

"சார், பக்கத்து ரூம்ல யானை வந்திருக்கான்னு என் பசங்க கேக்கறாங்க. என்னன்னு சொல்ல?"

அவள்தான் வழி சொல்லிக் கொடுத்தாள். ஒன்றாம் வகுப்பில் எந்த வேலையும் ஒரே வேலை கிடையாது. பையை வைப்பது என்றால் ஏழு வேலை. கழற்று, மேஜைமேல் வை, திற, புத்தகத்தை எடு, மேஜைக்குள் தள்ளு, பையை மூடு, அலமாரியில் வை. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், செய்து காட்ட வேண்டும், நாளைக்கும் சொல்ல வேண்டும்.

சார் சொன்னார். காலையிலிருந்து பள்ளி விடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தரை துடைக்கும் துணியைப் பிழியச் சொல்லிக் கொடுக்க மட்டும் இரண்டு வாரம் ஆனது. பிள்ளைகள் அதைச் சோற்று உருண்டை பிடிப்பதுபோல் அமுக்கினார்கள். நெட்டுக்குத்தாகப் பிடித்து முறுக்கணும் என்று எத்தனை தடவை காட்டினாலும் முழங்கைதான் நனைந்தது. அடுத்த வகுப்புக்குப் போனால் கதவை இரண்டு முறை தட்டணும், மன்னிக்கணும் என்று சொல்லணும், வகுப்பைச் சொல்லணும், பெயரைச் சொல்லணும், வந்த காரியத்தைச் சொல்லணும். இதையும் தினம் ஒப்பிக்க வைத்தார். ஒருத்தி தன் பெயரையே மறந்து நின்றாள்.

மே மாதக் கடைசியிலும் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. 'நான் ஒரு நிமிஷம் வாயை மூடினால் போச்சு, எல்லாம் சரிந்துவிடும்' என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு சாயங்காலமும் சைக்கிளை மிதித்தார்.

ஜூன் முதல் சனிக்கிழமை விளையாட்டு விழா. காலையிலிருந்து கத்தினார். திங்கள் விடுமுறை. செவ்வாய் காலை கண்விழித்து மனைவியிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தால், வெறும் காற்றுதான் வந்தது.

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்குப் பேச்சே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது" என்றார். பள்ளியில் ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு. தலைமையாசிரியர் அவர் தோளைத் தட்டி, "பக்கத்துல ஓகினோ இருக்காங்க. எப்படியாவது ஓட்டிடுங்க சார்" என்றார்.

மருத்துவமனை எட்டு மணிக்கே திறந்திருந்ததால், வகுப்பின் காலைக் கூட்டத்துக்கே அவர் வந்து சேர்ந்துவிட்டார்.

கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார். எழுதும்போதே, இதை யார் படிக்கப்போகிறார்கள் என்ற சந்தேகம் வந்தது. எழுத்துகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நடத்தி முடித்திருந்தார். பின்னால் சின்னக் குரல்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தன. ஒருவன் தடுக்கிய எழுத்தை இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். அவர் நடத்தாத எழுத்தையும் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள்.

"சா-ருக்-குக் கு-ரல் வ-ர-வில்-லை."

படித்து முடித்ததும் கோட்டா என்ற குட்டைப் பையன் கேட்டான்.

"எங்க போச்சு சார்?"

"தொலைச்சுட்டாருடா."

"எங்க தொலைச்சாரு?"

"விளையாட்டு விழாவுலதான். நான் பாத்தேன், அவ்ளோ கத்தினாரு."

"அப்ப மைதானத்துலதான் கெடக்கும். இடைவேளையில தேடலாம்."

சார் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை.

தினம் இருவர் முறைவைத்துப் பார்க்கும் நாள் பொறுப்பில் அன்றைக்குச் சுசுனெ என்ற பெண்ணும் கோட்டாவும் இருந்தார்கள். நெற்றிமேல் நேராக வெட்டிய முடியும் விழுந்துபோன இரண்டு முன்பற்களுமாகச் சுசுனெ முன்னால் வந்து நின்றாள். வழக்கமாக அவளுக்குப் பின்னால் நின்று சார்தான் வரிக்கு வரி எடுத்துக் கொடுப்பார். இன்றைக்கு அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகளை விரித்துக் காட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. காலை வணக்கம்."

வருகைப் பதிவேட்டைச் சார் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பெயர்களைத் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில் வந்தது. நல்லாயிருக்கேன், மூக்கு ஒழுகுது, நல்லாயிருக்கேன், காலு வலிக்குது. பதினான்காவதாகத் தன் பெயரைத் தானே கூப்பிட்டு, "நல்லாயிருக்கேன்" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனாள். இருபத்தேழிலும் ஒன்றுகூட வரிசை பிசகவில்லை. சார் பதிவேட்டில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். அவர் இன்னும் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.

கணக்குப் பாடத்தையும் படம் வரைவதையும் கைச்சாடையிலேயே கடத்தினார். மழை தூறிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது.

அன்றைக்குக் கறிக்குழம்பு. மாதத்தில் ஒரே ஒரு நாள். காலையிலிருந்தே மாடிப்படியெல்லாம் அந்த வாசனைதான். அன்றைக்குப் பரிமாறும் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு வரிசையாகச் சாப்பாட்டு வண்டிக்குப் போனார்கள். குழம்பு அண்டாவை மட்டும் எப்போதும் சார்தான் தூக்குவார். மற்றதை எடுக்க விட்டு, "அதத் தொடாதே!" என்று ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்கு அவர் பால் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார். கோட்டாவும் தெப்பெய் என்ற பையனும் அண்டாவின் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டிருந்தார்கள்.

சார் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

தள்ளுகதவு ஓடும் பள்ளத்தில் தெப்பெயின் கால் சிக்கியது. அண்டா சாய்ந்தது. மூடி உருண்டு போய்ச் சுவரில் மோதிச் சுற்றிச் சுற்றி நின்றது.

ஒரே தாவலில் போய் இரண்டு பேரையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நகர்த்தினார். செருப்பைக் கழற்றினார், காலுறையை உரித்தார், கால், கை, வயிறு என்று தடவிப் பார்த்தார். குழம்பு முழுக்கத் தாழ்வாரப் பக்கமாகத்தான் போயிருந்தது. ஒரு சொட்டுகூட அவர்கள் மேல் படவில்லை.

அண்டாவின் அடியில் நாலு விரல் ஆழம் மிச்சம். தரையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"நம்ம குழம்பு..." என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான். தெப்பெயின் முகம் தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவில் வெளுத்துப்போயிருந்தது. கண்ணீர் வராமல் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தில் சார் எப்போதும் சொல்ல வேண்டியது இருக்கும். யாரும் நகராதே, நீ அதை எடு, நீ இதைக் கொண்டா. ஓகினோவைக் கூப்பிடலாமா என்று எழுந்தார்.

"அஞ்சாவது குழு, துணி" என்றாள் சுசுனெ.

அன்றைக்குத் துடைக்கும் முறை வந்த அஞ்சாவது குழு ஏற்கெனவே நாற்காலிக் கம்பியிலிருந்து துணியை உருவிக்கொண்டிருந்தது.

"உடனே துடைக்காத. முதல்ல அள்ளணும்."

"முறத்துல அள்ளு. உருளைக்கிழங்கு அங்க ஓடுது பாரு."

"வாளியில தண்ணி பாதி போதும். நெறச்சா கொட்டும்."

"இன்னிக்கு எல்லாமே கொட்டுது" என்று கோட்டா சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

யாரும் ஓடவில்லை. ஆறு பேர் மண்டியிட்டு உட்கார்ந்து ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பெண் வாளியில் துணியை அலசி எடுத்து, நெட்டுக்குத்தாகப் பிடித்து முறுக்கினாள். பழுப்புத் தண்ணீர் கம்பியாக இறங்கியது. முழங்கை நனையவில்லை. சார் அந்தக் கைகளையே பார்த்தார். சின்னக் கைகள், இன்னும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத கைகள்.

தரை சுத்தமானதும் கோட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்.

"கேட்டு வாங்கலாம். அன்னிக்குப் பக்கத்து கிளாஸ்ல சூப்பக் கொட்டிட்டு நம்மகிட்டதான வந்தாங்க? சார் ஒரு கரண்டி ஊத்தினாரே."

சார் யோசித்தார். மே மாதத்தில் எப்போதோ இரண்டு பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். பேசிக்கொண்டே, அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊற்றி அனுப்பியிருந்தார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

கிண்ணங்களை எடுத்துக்கொண்டு ஜோடி ஜோடியாகக் கிளம்பினார்கள். சார் தடுக்கக் கையைத் தூக்கினார், பிறகு கீழே போட்டுவிட்டார். தெப்பெய் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றான்.

"வாடா. நாம மூணாவது மாடி" என்றாள் சுசுனெ.

"நான் வரல. நான்தான் கொட்டினேன்."

"அதனாலதான் வரணும். எப்படிக் கொட்டிச்சுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அவன் வந்தான். சார் பத்துப் படி தள்ளிப் பின்னாலேயே ஏறினார்.

மூன்றாவது மாடியில் ஆறாம் வகுப்பு. போன வருஷம் அவரே வைத்திருந்த பிள்ளைகள். அவர்களை அடக்குவதற்குள்தான் அவருடைய குரலில் பாதி போயிருக்கும். படித் திருப்பத்திலேயே நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் கதவும் இரண்டு வெள்ளைத் தொப்பிகளும் தெரிந்தன.

இரண்டு முறை தட்டும் சத்தம்.

"மன்னிக்கணும். ஒன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவு, நாள் பொறுப்பு சுசுனெ. எங்க குழம்பு கொட்டிடுச்சு. ஒரு கரண்டி தர முடியுமா?"

"நான்தான் கொட்டினேன்!" என்று தெப்பெய் கத்தியே சொன்னான். "ஒன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவு, தெப்பெய்!"

உள்ளே நாற்காலிகள் அசைந்தன. ஹயாசே என்ற நெட்டைப் பையன் கரண்டியோடு வாசலுக்கு வந்தான். போன வருஷம் சாரிடம் தினம் ஒரு திட்டாவது வாங்காமல் வீட்டுக்குப் போகாதவன்.

"தத்சுமி சார் கிளாஸா? ஐயோ பாவம். செம திட்டு விழுந்திருக்குமே?"

"இல்லயே. சார் குரல் தொலைஞ்சுபோச்சு."

உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தது. ஹயாசே சிரிக்கவில்லை. குனிந்து அவர்கள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டான்.

"அப்ப உங்கள யாரு பாத்துக்கறா?"

சுசுனெக்கு அந்தக் கேள்வி புரியவில்லை போலிருந்தது. கிண்ணத்தைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்கதான்" என்றாள்.

சார் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டதாக நினைத்திருந்தார். அது இந்த இரண்டு சின்ன உடம்புகளுக்குள்ளே போய் உட்கார்ந்திருந்தது. சொல்லாததும் போயிருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஊற்றிய ஒரு கரண்டி சூப்கூட உள்ளே இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் தான் இனி எதை அலட்சியமாகச் செய்ய முடியும் என்று நினைத்தபோது, அவருக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

ஹயாசே ஒரு கரண்டி ஊற்றினான். "என் ரெண்டாவது ரவுண்டையும் போட்டு அனுப்பு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "என்னோடதையும்" என்று இன்னொன்று. கிண்ணம் நிறைந்து, இன்னொரு கிண்ணமும் வந்தது.

இறங்கும்போது இருவரும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகு அடுத்த படிக்கு வந்தார்கள். சார் அவர்களுக்கு இரண்டு படி கீழே, பின்பக்கமாக நடந்தபடி கைகளை விரித்துக்கொண்டே இறங்கினார். அவர்கள் அவரைப் பார்க்கவேயில்லை. கண் முழுக்கக் குழம்பில்தான் இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

வகுப்பில் ஒன்பது கிண்ணங்கள் வந்து சேர்ந்திருந்தன. தலைமையாசிரியர் தன் தட்டில் போடுமுன் பாதியைக் கொடுத்திருந்தாராம். எல்லாவற்றையும் அண்டாவில் ஊற்றினார்கள். கோட்டா நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"டேய், மொதல்ல இருந்தத விட நெறய இருக்குடா!"

"அப்ப தெனமும் கொட்டலாம்" என்றான் ஒருவன். சுசுனெ அவனை முறைத்தாள்.

இருபது நிமிஷம் தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தெப்பெய் தட்டைத் தொடாமல் எழுந்து சாரின் மேஜைக்கு வந்தான்.

"சார், நீங்க ஏன் என்னத் திட்டல?"

சார் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"குரல் வந்தா திட்டுவீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் நம்பாமல் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். அவர் மறுபடியும் ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. சார் அவன் தொப்பியைக் கழற்றி, மூக்கைத் துடைத்துவிட்டு, தன் மேஜையிலேயே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவன் அழுதுகொண்டே சாப்பிட ஆரம்பித்து, அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு, மறுபடியும் வாங்கப் போய் வரிசையில் நின்றான்.

குரல் வெள்ளிக்கிழமை காலையிலேயே திரும்பிவிட்டது. குளியலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், நன்றாகவே வந்தது. ஆனால் பள்ளிக்குப் போய் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஆசிரியர் அறையில் ஓகினோவிடம் மட்டும் சொன்னார்.

"ஏமாத்துக்காரர் சார் நீங்க! நாள் பூராவும் சும்மாவா உட்கார்ந்திருந்தீங்க?"

"சும்மா இல்லம்மா. பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

காலையில் பார்த்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் காலை ஒரு பெண் தன் பையை வைத்துவிட்டு, பக்கத்திலிருப்பவனின் பையில் மாட்டிக்கொண்ட கொக்கியைக் கேட்காமலே கழற்றிவிட்டாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"திங்கட்கிழமையும் ஒரு மணி நேரம் பேசாம இருக்கலாமான்னு பாக்கறேன்" என்றார்.