அண்ணாந்து பார்ப்பவர்கள்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. பழைய பேப்பர் கடையில் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். பின்பக்கம் ‘உத்திரமேரூர் அருகில், 1962’ என்று இருக்கிறது. ஊர்ப் பெயர் அழிந்துவிட்டது. படத்தில் ஒரு கூட்டம் எதையோ அண்ணாந்து பார்க்கிறது. அரைக்கைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் அதைப் பார்க்காமல், பார்க்கிறவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரென்று தெரியாது. வேதகிரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

2

‘கோடை வெயில் கொளுத்திய ஒரு பகலில், இளம் விஞ்ஞானி வேதகிரி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, அவர் மனதில்...’

மனதில் என்ன இருந்தது என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன். வயிற்றில் பசி இருந்திருக்கும்.

பக்கத்திலேயே பெருநகர் என்ற கிராமத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். வேலை சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில். மஞ்சள் காமாலை பரவுகிறதே, எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வந்திருக்கிறார். அதற்கு முதலில் யார் யாருக்கு வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தில் காமாலையைத் தேடி என்ன பயன்? கண்ணின் வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். வெளியாள் இமையைத் தொட எந்தப் பெண் விடுவாள்?

அதற்கு மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். “கோபுரத்தைப் பாரும்மா” என்பார். கை கன்னத்துக்குப் போகும், கண் மேலே போகும், வேலை முடிந்துவிடும். இதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் இந்த இடத்தில்தான்.

3

(செங்கேணியை நான் திட்டமிடவில்லை. படத்தின் ஓரத்தில், கூட்டத்தைவிட்டுத் தள்ளி, வாயும் வயிறுமாக ஒரு பெண் தலைகுனிந்து நிற்கிறாள். அவளும் ஏன் மேலே பார்க்கவில்லை?)

சேரியில் கூலி வேலை செய்கிறவள். எட்டு மாதம். அவளிடமும் வேதகிரி அதையே சொன்னார்.

“கோயில் தெருவுலயே எங்கள வுட மாட்டாங்க சார். அத்த அண்ணாந்து பாக்குற பயக்கம் எங்களுக்குக் கெடையாது.”

இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. கூச்சத்தில் காது சிவக்க, அவள் கண்ணைப் பார்க்காமலே அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.*

* இங்கே அவரைக் கோயில் வாசலில் நிறுத்தி ஒரு பக்கம் வீரவசனம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

4

ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் போனார்.

செங்கேணியின் புருஷன் முனியன் பனைமரத்தில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தான். உன் வீட்டுக்காரர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் பார் என்று சொல்ல வாயெடுத்தார். அவசியமே இருக்கவில்லை. அவன் மரமேறினால் இறங்கும்வரை அவள் அண்ணாந்தேதான் நிற்பாளாம்.

கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்று அவர் படித்திருக்கிறார். உடனே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். ஊசி போட்டால் போய்விடுமா என்று கேட்டாள். இதற்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார்.

“அப்ப இன்னாத்துக்கு சார் எங்க கண்ணப் பாத்துக்கினு கீறீங்க?”

(பின்னால் முப்பது வருஷம் இந்தக் கிருமியைத் துரத்தப்போகிறார். வாய்க்கால் தண்ணீர், ரத்தம், கண்ணாடிக் குழாய் என்று காலம் ஓடும். எந்த மேடையில் பேசினாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார். அன்றைக்கு இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, அவள் தண்ணீர் எடுத்த கிணற்றில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சேரியில் வீடு வீடாக அலைந்தார்.)

5

முதல் முடிவு: செங்கேணி பிழைக்கவில்லை. வேதகிரியின் கட்டுரையில் அவள் ‘கர்ப்பிணி, ஒருவர்’ என்று...

கை வரவில்லை.

இரண்டாவது முடிவு: ஆண் குழந்தை, பெயர் வேதகிரி. என் மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகவே இதுவரைதான் என்னால் முடியும். முனியன் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான், வேறெதுவும் சொல்லவில்லை. வேதகிரி உத்திரமேரூரில் காத்துக்கொண்டிருக்கிறார். செங்கல்பட்டு பஸ் வந்து நிற்கிறது. முனியன் இறங்குகிறான். அவனுக்குப் பின்னால் படியில் ஒரு கால் தெரிகிறது.

ஊர் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்த மனிதர், இப்போது பார்க்கப் பயந்து, எதிரே ஆளில்லாத பனையொன்றை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். எனக்கும் தைரியமில்லை, நானும் அவர் பக்கத்தில் அண்ணாந்துவிட்டேன்.

இறங்குவது யாரென்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.