பீரோ சாவி

கடலூர் கோர்ட்டு வராந்தாவில் இளவரசு வந்து உட்கார்ந்ததுமே சத்யப்பிரியா கவனித்தது அவன் சட்டையைத்தான். நீலக்கோடு போட்ட அதே அரைக்கைச் சட்டை. நான்கு மாதத்துக்கு முன், ஆனியில், சிதம்பரத்தில் மாமியார் கருமாதி முடிந்து அவள் கிளம்பிய அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது காலர் நைந்து வெள்ளை நூல் தெரிந்தது. சட்டைக்குப் பஞ்சமான மனிதன் இல்லை. நல்ல சட்டையெல்லாம் பீரோவில் இருந்தன. பீரோ சாவி அவள் கைப்பையில் இருந்தது.

கருமாதி வீட்டில் வருவோர் போவோர் ஜாஸ்தி என்று பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியவள், அப்படியே பஸ் ஏறி மேல்பட்டாம்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் கேட்டால் கொடுத்தனுப்பலாம் என்று இருந்தாள். அவன் கேட்கவில்லை. ஆளைக் கூப்பிட்டால் பத்து நிமிஷ வேலை, உடைத்திருப்பான் என்று நினைத்தாள். உடைக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. சாவிக்காகக் காத்திருந்தானா, தனக்காகவா? விவாகரத்து மனு போட்டு ஆறு மாதம் முடிந்து இன்றைக்குத்தான் கடைசி விசாரணை. நீதிபதி கேட்கும்போது இவன் மனசு மாறி, சம்மதமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போச்சு.

இளவரசு கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியது கிடையாது. கல்லூரி ஆபீசில் வேலை, ஐந்தரைக்கு வீடு. ஆனால் ஏழு வருஷத்தில் பெண்டாட்டியிடம் நேராக நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவள் கரண்டியும் கையுமாக எதிரில் நிற்கும்போதே, “அம்மா, சோறு போடச் சொல்லு” என்பான். மாமியார் சௌந்தரம் தலையைத் திருப்பி, “சோறு போடும்மா” என்பாள். முதலில் சத்யாவுக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு அவளும் பழகிக்கொண்டு, “அத்த, ரசம் வேணுமான்னு கேளுங்க” என்று ஆரம்பித்தாள். சௌந்தரம் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பயந்தாள். மறுவாரம் பெட்டியைக் கட்டினாள்.

அம்மா வீட்டில் ஒரு வருஷம் போன பிறகு அண்ணன் பழனிவேல் பிடித்துவந்த வக்கீல், அடித்தார் உதைத்தார் என்று நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார்.

“அடிக்காத மனுசன அடிச்சாருன்னு நான் எப்புடிண்ணா கையெழுத்து போடுவன்?”

“பின்ன என்னான்னு எழுதறது? பேச மாட்டன்றாருன்னா? ஜட்ஜு சிரிப்பாரு.”

அண்ணன் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. தனக்கு நேர்ந்ததற்கு என்ன பேர் என்று அவளுக்கே தெரியவில்லை. கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று போர்டு பார்த்து, தனியாகவே உள்ளே நுழைந்தாள். அங்கே கிடைத்தவர்தான் வக்கீல் அமராவதி. பெண்களுக்கு வருமானமெல்லாம் பார்க்காமல் சும்மாவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

“யாரு மேலயும் குத்தம் எழுத வேணாம்மா. ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கீங்க, ரெண்டு பேருக்கும் சம்மதம், அவ்ளோதான் எழுதணும். மனு போட்டு ஆறு மாசம் பொறுக்கணும். அதுக்குள்ள ஒருத்தருக்கு மனசு மாறுனாலும் நிக்காது.”

குற்றமில்லாமல் பிரியலாம் என்று கேட்டதும் அவளுக்கு மூச்சு சுலபமாக வந்தது. இளவரசுவும் தகராறு செய்யாமல் வந்து கையெழுத்துப் போட்டான். இரண்டாம் மாதம் சௌந்தரம் செத்துப்போனாள்.

இப்போது அவன் நடுவில் உட்கார்ந்திருந்த அமராவதியின் பக்கம் சாய்ந்தான். “மேடம், அவுங்ககிட்ட பீரோ சாவி...”

ஆள் இன்னொரு சௌந்தரத்தைப் பிடித்துவிட்டான்! அமராவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பக்கத்துலதான இருக்காங்க, நீங்களே கேளுங்க சார்” என்று கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தரையைப் பார்த்துக்கொண்டே இளவரசு கேட்டான்: “சாவி ஒங்கிட்டதான் இருக்கா?”

“இருக்கு. ஏன் ஒடைக்கல?”

“ஒடைச்சிட்டா ஒங்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. தெனம் போன எடுப்பன். அப்புறம் வச்சிடுவன்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முதல் வருஷத்தில் இந்த ஒரு பேச்சைப் பேசியிருந்தால் சந்தோஷத்தில் அடுப்படியிலேயே குதித்திருப்பாளே! ஏழு வருஷம் கேட்காத குரல் கோர்ட்டு பெஞ்சில் வந்து கேட்கிறது. பாவமாக இருந்தது. திரும்பிப் போகத்தான் மனசு வரவில்லை. சாவியை எடுத்து அவன் வலது கையில் வைத்தாள். பெயர் கூப்பிட்டார்கள்.

“இந்த ஆறு மாசத்துல சேர்ந்து இருந்தீங்களா?” என்றார் நீதிபதி.

சேர்ந்திருந்தது தெரிந்தால் மனு நிற்காது, இல்லை என்றே சொல் என்றுதான் அண்ணன் ஓதியிருந்தான். “பதினாறு நாளு அவுங்க வூட்லதான் இருந்தங்க. மாமியாரு கருமாதி. செய்ய வேற ஆளு இல்ல.”

அமராவதி கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “மருமகளா போனீங்களா, மனைவியா போனீங்களா?”

“மருமகளாங்க.”

அதைக் குறித்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்க, சம்மதம்தானா?” என்று இளவரசுவைக் கேட்டார். அவன் வழக்கம்போல் பக்கத்தில் யாரையோ தேடினான். யாரும் இல்லை. முழுசாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஒனக்கு சம்மதமா சத்யா?”

பேர் சொல்லி அவன் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. இருந்தும் சொன்னாள். “சம்மதம்.”

“அப்ப எனக்கும் சம்மதங்க.”

பேனா பிடிக்க முடியாமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். நகர்ந்து நின்றவன் அதை எடுக்கவில்லை. அவளும் குனிந்து பெயரை எழுதி முடித்தாள். ஃபேன் காற்றில் தாள் படபடவென்று எழும்பியது. மேசையில் கைக்குக் கிடைத்தது அதுதான் என்று, ஊழியர் அந்தச் சாவியை எடுத்து இரண்டு பெயருக்கும் நடுவில் வைத்தார்.