விரல் போன தடம்

டணார்!

முதலாளி வீசியெறிந்த தகடு தரையில் சுழன்று, லேப் அக்காவின் காலடியில் வந்து படுத்தது. ஸ்ப்ரே அறையில் இருந்தவர்கள் அவரவர் வேலையில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினார்கள்.

"என்னம்மா இது? பூச்சு கேட்டா சல்லடை குடுக்கறே?"

லேப் அக்கா குனிந்து எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பிகளுக்குப் பூசுகிற பாலிமர் பூச்சு. கிருமி தங்காது, ரத்தம் பட்டாலும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். அதெல்லாம் பூச்சு முழுதாக இருந்தால்தான். பூசிப் பார்த்த இந்தச் சோதனைத் தகட்டில் குட்டிக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் வெறும் உலோகம் மீன் கண் மாதிரி விழித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில கட்டில் கம்பெனிக்காரங்க வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள குழி இல்லாத தகடு என் மேசைக்கு வரணும். இல்லேன்னா லேபை மூடிட்டு நீ கிளம்பு. மத்ததை மாப்பிள்ளை பார்த்துக்குவார்."

அந்த மாப்பிள்ளை, கழுவிக் காய வைத்திருந்த தகடு ஒன்றில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியதைத் தவிர இந்தத் தொழிலில் அவர் கட்டியது ஒன்றுமில்லை. எங்கேயோ நிர்வாகம் படித்ததாகச் சொல்வார். எங்கே என்று கேட்டால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அவர் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: 'இதுங்க.'

"இதுங்களுக்குக் கழுவவே தெரியல மாமா" என்றார். கறுகறுவென்று மின்னிய தலைமுடியை நெற்றியோரத்தில் ஒரு விரலால் மெல்ல அழுத்திவிட்டுக்கொண்டார். ஒரு முடிகூட அசையவில்லை. பிறகு அதே விரலால் தகட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இழு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். "அழுக்கு. எல்லாம் அழுக்கு."

விரலில் ஒன்றுமில்லை. ஆனாலும் முகத்தைச் சுளித்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மாமனாரும் மருமகனும் வெளியே போனார்கள்.

"கையுறை போடுங்க, தொப்பி போடுங்கன்னு அவர்கிட்டயும் சொன்னீங்களா அக்கா?" என்று கேட்டார் ஸ்ப்ரேக்காரர்.

"சொன்னேனே. தொப்பியெல்லாம் கூலிக்கு வேலை செய்யறவங்களுக்காம்."

"அவர் சம்பளம் இல்லாம சேவை செய்யறாரோ?"

லேப் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த லேபை அவள்தான் ஒரு மேசை, ஒரு தராசு என்று தொடங்கிப் படிப்படியாக உண்டாக்கினாள். இதை ஒரு சீப்புத் தலையனிடம் விட்டுப்போவதா?

"எனக்கு ஒண்ணு புரியல. ஒரே பூச்சு, ஒரே அடுப்பு. ஒரு தகட்டுல நல்லா வருது, இன்னொண்ணுல ஏன் ஓட்டை விழுது?" என்றார் ஸ்ப்ரேக்காரர்.

"பூச்சு ஈரமா இருக்கறப்பவே உலோகத்து மேல முழுசாப் படரணும். படர்ந்தாத்தான் அந்தப் பாலிமர் சங்கிலியெல்லாம் உலோகத்தைப் பிடிக்கும். அடுப்புல சூடு ஏறினா பிடி இறுகிடும், சுரண்டினாலும் வராது. ஆனா நடுவுல துளி சிலிக்கோன் எண்ணெய் இருந்தா போதும். பூச்சு அதைத் தொடாது. சுத்தி ஒதுங்கிடும்."

"பிடிக்காத சம்பந்தி வந்து உட்கார்ந்தா பந்தியே நகர்ந்து உட்காருமே, அந்த மாதிரி."

"அதேதான். அதனாலதான் எல்லார்கிட்டயும் தலைக்குப் போடறது, மூஞ்சிக்குப் போடறது எல்லாத்தையும் வாங்கி வெளியில வச்சேன். அதுலயெல்லாம் அந்த எண்ணெய் கலந்திருக்கும்."

"என் முகக் கிரீமையும்தான் பிடுங்கிட்டீங்க. வீட்டுல என் பொண்டாட்டி கதவைத் திறந்துட்டு, யார் வேணும்னு கேக்கறா."

லேப் அக்கா பாழாய்ப்போன தகடுகளை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். ஸ்ப்ரே துப்பாக்கியில் கோளாறு என்றால் குழி தாறுமாறாகச் சிதறியிருக்கும். இவை சிதறவில்லை. எல்லாத் தகட்டிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடாக ஓடின. கோட்டின் மேல் தன் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம்.

"அடப்பாவி" என்றாள்.

பிற்பகலில் மாமனாரையும் மருமகனையும் அவளே அழைத்து வந்தாள். குரலில் அத்தனை தேன்.

"சார், எங்களுக்குத்தான் கழுவத் தெரியலயே. இந்த ரெண்டு தகட்டுல எது சுத்தம்னு நீங்களே காட்டிக்குடுங்க. அதைப் பார்த்துக் கத்துக்கறோம்."

மாப்பிள்ளையின் மார்பு விரிந்தது. புகழ்ச்சி என்றால் அது எந்தக் கையிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்கிற மனிதர். நெற்றியோரத்து முடியை அழுத்திக்கொண்டார். முதல் தகட்டில் விரலால் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"இது சுத்தம். இப்படித்தான் கழுவணும்." இரண்டாவதைக் கையால் தொடவே இல்லை. மோவாயால் சுட்டினார். "அது குப்பை. பார்த்தாலே தெரியுது."

இரண்டையும் அவர் கண்ணெதிரேயே பூசி அடுப்பில் வைத்தார்கள். எல்லோரும் மின்விசிறிக்கடியில் நின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் வழக்கம்போல் விசிறிக்கு எட்டாத மூலையில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

தகடுகள் வெளியே வந்து ஆறின. குப்பைத் தகடு ஒரு மாசு மருவில்லாமல் பளிங்காக இருந்தது. சுத்தத் தகட்டின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு வரிசையாக மீன் கண்கள்.

முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"மாப்பிள்ளை சார் விரல் போன தடம் சார். அவர் தலைமுடியைத் தொட்டுட்டுத் தகட்டைத் தொடறார். முடியில என்னமோ சிலிக்கோன் சமாச்சாரம் இருக்கு. தொட்ட இடத்துல பூச்சு ஒதுங்குது. அவர் சீண்டாம விட்டது நல்லா வந்திருக்கு."

"என்ன திமிரு!" மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "மாமா, நான் தலைக்கு எதுவுமே போடறதில்ல. எண்ணெய்கூடக் கிடையாது. இவ வேலை போயிடும்னு என் மேல பழி போடறா!"

"அப்ப தொப்பியைப் போட்டுக்கிட்டு இன்னொரு தகட்டைத் தொடுங்க சார், பார்த்துடலாம்" என்றார் ஸ்ப்ரேக்காரர். ஒரு தொப்பியை எடுத்து விரித்து, தலையில் மாட்டிவிடவே கிட்டப் போனார்.

மாப்பிள்ளை இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் தாவினார். "கிட்ட வராத! தொடாத!"

சத்தம் கேட்டு, மாடியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் மகள் இறங்கி வந்தாள். முதலாளி குழம்பிப்போய் நின்றார். லேப் அக்காவைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆதாரம் கையில் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையாயிற்றே. "அவர்தான் ஒண்ணும் போடறதில்லைங்கறாரே..." என்று இழுத்தார்.

"உங்க பொண்ணே வந்துட்டா, கேளுங்க மாமா!" மாப்பிள்ளைக்குத் தெம்பு வந்துவிட்டது. மனைவியின் பக்கம் விரலைச் சொடுக்கினார். "ஏய், நான் தலைக்கு ஏதாவது போடறேனா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. உன் அறிவாளித்தனத்தையெல்லாம் இங்க காட்டாத."

அவள் புருஷனின் சொடுக்கிய விரலைப் பார்த்தாள். மேசையில் கிடந்த தகட்டின் கோட்டைப் பார்த்தாள். லேப் அக்காவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, மிக அடக்கமாகச் சொன்னாள்:

"அவர் சொல்றது நிஜம்தான்ப்பா, அவர் தலைக்கு எதுவும் போடறதில்ல; தினமும் காலையில அந்த முடியை ஸ்டாண்டுல மாட்டி வச்சு, மினுமினுன்னு வர்ற வரைக்கும் ஸ்ப்ரே அடிக்கறது நான்தான்."