கண்ணாடியைப் பார்த்த நாற்காலி

செவிப்பரிசோதகர் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வில், யாரைச் சோதிக்கச் சொல்வது என்பது தேர்வு நடத்துகிற தேர்வாளரின் விருப்பம். தேர்வாளராக இருந்த அவள் அந்த விருப்பத்தைத்தான் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இன்று அக்கா மகளைக் கையோடு கூட்டி வந்தாள். வாசலிலேயே குழந்தையின் காதுக் கருவிகளைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னலை அவிழ்த்து முடியால் காதுகளை மறைத்தாள்.

தேர்வு கொடுக்க வந்திருந்தவனைக் கடைத்தெருவில் காதுக்காரர் என்பார்கள். காதுக் கருவி விற்கிற கடை அவனுக்கு. படிப்பு அரைகுறை, வாய் மட்டும் முழுசு. உரிமம் இல்லாதவர் யாருக்கும் செவிச் சோதனை செய்யக் கூடாது என்று புதுச் சட்டம் வந்ததும் அவனும் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டான். இதில் தேறினால் கடை, இல்லாவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்று அக்கா அவனிடம்தான் போய் நின்றாள். சோதித்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை, பாம்புக் காது என்றான். பெற்றவள் வீட்டில் வாயைத் திறந்து பேசினால்தானே பிள்ளைக்குப் பேச்சு வரும் என்று புத்தி வேறு சொல்லி அனுப்பினான். பாவி. அக்கா இரண்டு வருஷம் தொண்டை கட்டப் பேசினாள். மாமியார் வாயில் விழுந்து எழுந்தாள். அப்புறம் வேறொரு இடத்தில் காட்டியபோது, குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்கவில்லை என்றார்கள். பேச்சு ஊற வேண்டிய வயது பாழாய்ப் போயிருந்தது.

இவள் அப்போது கல்லூரியில் இதே படிப்பில் சேர்ந்திருந்தாள். நேரே கடைக்குப் போய் நியாயம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "முதல்ல படிச்சு முடிச்சிட்டு வாம்மா, அப்புறம் பேசலாம்" என்றான்.

படித்து முடித்தாள். வெறியோடு படித்தாள். தேர்வாளர் ஆகும் வரை விடவில்லை.

ஒலி புகாத அறைக்குள் நாற்காலி கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. ஜன்னலுக்கு இந்தப்புறம் கருவி. சோதிக்கப்படுகிறவருக்குச் சோதிப்பவரின் கை தெரியக் கூடாது. நாற்காலியைத் திருப்பிப் போடுவதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். அவன் திருப்பிவிட்டால் முகம் கோணாமல் கையெழுத்துப் போடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தாள். திருப்பித் தொலைத்துவிடுவானோ என்ற பயம்தான் காலையிலிருந்து அவளை அரித்தது.

அவன் திருப்பவில்லை. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் இப்படி என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்து, பொத்தானை அழுத்துவதும் குழந்தை முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுமாக ஆரம்பித்தான். அவன் நிமிரும்போதெல்லாம் குழந்தை டக்கென்று கையைத் தூக்கியது. காது கேட்காத பிள்ளைக்குக் கண்தானே எல்லாம்.

"பாம்புக் காது மேடம்" என்றான், திரும்பிப் பார்த்து.

அதே வார்த்தை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எரிச்சலுக்கு நடுவே ஒரு குளிர்ச்சியும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த தேர்வாளரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்தாள். ஒலியைச் சுத்தமாக அணைத்தாள். பொத்தானை அழுத்துகிற மாதிரி கையை அசைத்து நிமிர்ந்தாள். குழந்தை கை தூக்கியது. உள்ளே போய் நாற்காலியைப் பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பினாள். வெளியே வந்து ஒலியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். கருவியின் முள் கடைசி எண்ணைத் தொட்டது. குழந்தையின் கை மடியில் கிடந்தது.

காதுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. மூத்த தேர்வாளர் தேறவில்லை என்று எழுதிப் பேனாவை அவளிடம் நீட்டினார். அவன் அவளையே வெறித்தான். கொஞ்சம் கொஞ்சமாக அடையாளம் தெரிந்தது போலிருக்கிறது.

"நீங்க... அன்னைக்குக் கடைக்கு வந்த..."

"படிச்சு முடிச்சிட்டு வந்துட்டேன். இப்ப பேசலாமா?"

அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் ருசித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அறையிலிருந்து குழந்தையை அழைத்து வந்து கருவிகளை மாட்டிவிட்டாள். குழந்தை, தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக் கேட்டது.

"சித்தி... நான்... எல்லாத்துக்கும்... கை தூக்கினேன். நான்... பாஸா?"

மூன்று வயதிலும் அது இப்படித்தான், அவன் முகத்தைப் பார்த்தே பாஸானது. அவள் குழந்தையின் முடியை மறுபடியும் பின்னத் தொடங்கினாள்.