விளக்கு மட்டும் எரியும் கேபிள்

போடியில் கேபிள் வாங்க வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: சார்ஜ் ஏறுமா? ஏறும் என்றால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சார்ஜ் தவிர வேறு வேலை அதற்கு உண்டா என்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் அன்வர் கடை போட்ட நாளிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால்தான் மதுரை ஏஜெண்டு ஒரு கட்டு கேபிளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டபோது, இவ்வளவு மலிவாக எப்படி என்று அன்வரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே.

கேட்கிற ஆளாக வந்தவள் கார்முகில். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அடுப்பெரிக்கிற மொக்கச்சாமியின் மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டால் கண் சொக்கும். அவர் அசந்த நேரத்தில் அடுப்புச் சூடு ஏறிவிட்டால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஏலத்தில் நாய்கூட மோந்து பார்க்காது. அதற்காகவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டை வாங்கி, டிபன் பாக்ஸுக்குள் பொருத்தி, ஸ்டோருக்குள் மாட்டியிருந்தாள். சூடு எல்லை தாண்டினால் அது அப்பாவின் போனுக்கு அடிக்கும். போன வருஷம் முழுக்க அந்தப் பெட்டி அடித்தது, மொக்கச்சாமி எழுந்து விறகை இழுத்துவிட்டார், காயும் பச்சையாகவே இறங்கியது.

"அப்பா போனத் தொட்டித் தண்ணியில போட்டு, இப்ப நம்பரே மாறிப்போச்சுண்ணே. புது நம்பர போர்டுக்குள்ள ஏத்தணும். லேப்டாப்போட சேக்குற கேபிள எலி கடிச்சிருச்சு. எங்க வீட்டுப் போனு கேபிளு எதுவும் இதுக்குச் சேரல, இது பழைய வாயி," என்று போர்டைக் காட்டினாள். "சார்ஜ் மட்டும் ஏறுனாப் பத்தாது. டேட்டாவும் போகணும்."

"எல்லாத்துக்கும் ஓடும்மா," என்று அன்வர் அந்த மலிவுக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான். வியாபாரி வாயில் எது வந்தாலும் 'தெரியாது' என்ற சொல் மட்டும் வராது.

அடுத்த நாளே லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள். கேபிளைச் செருகினால் போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. லேப்டாப்போ அப்படி ஒரு பொருள் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. போர்டின் முகவரியைத் தட்டிக் கூப்பிட்டால், அங்கே யாரும் இல்லை என்கிறது.

அன்வருக்கு இந்த மாதிரி வேலை என்றால் கை அரிக்கும். முக்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தான். போர்டில் இரண்டு ஓட்டை, ஒன்று கரண்டுக்கு மட்டும். மாற்றிச் செருகியிருப்பாளோ என்று பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. லேப்டாப்பின் அடுத்த பக்கத்தில் செருகினார்கள். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார்கள். முகவரி எண்ணைக் கையாலேயே போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அன்வர் டீகூடச் சொன்னான். விளக்கு மட்டும் எரிந்தது.

"கேபிள்ல ஏதும் இருக்குமோண்ணே?"

கடையில் அப்போது நல்ல கூட்டம். ஜவுளிக்கடை ராஜா முகம்மது அதே கட்டிலிருந்து ஒரு கேபிளைக் கையில் எடுத்து, வாங்கலாமா வேண்டாமா என்று புரட்டிக்கொண்டிருந்தார். அன்வருக்குச் சுருக்கென்றது.

"நம்ம கடைக் கேபிள்ல கொற வராதும்மா. கேபிளு போயிருந்தா லைட்டு எப்பிடி எரியும்? ஒங்க போர்டுலதான் என்னமோ கோளாறு. கார்ட அழிச்சிட்டுப் புதுசா ஏத்திப் பாருங்க."

அவள் நம்பினாள். ராஜா முகம்மதுவும் நம்பினார். போர்டின் மெமரி கார்டை உருவி, அங்கேயே உட்கார்ந்து அழித்து, அடிப்படை சிஸ்டத்தை மட்டும் புதுசாக ஏற்றினாள். அப்போதும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. புரோகிராமின் நகல் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. அதைக் கார்டில் நேராகப் போட்டால் எடுக்காது, போர்டுக்குள் போய்த்தான் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் வழி இல்லை. "நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்ணே," என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு ஓடினாள்.

கூட்டம் கலைந்ததும் அன்வர் அதே கட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, ஒரு பழைய போனைக் கடைக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். சார்ஜ் ஏறியது. போனுக்குள் இருந்த ஒரு போட்டோகூடத் தெரியவில்லை. இன்னொரு கேபிள் போட்டான், அதுவும் அப்படியே. மூன்றாவதை வெட்டியே பார்த்துவிட்டான். உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பி, இரண்டும் கரண்டுக்கு. கேபிள் செய்தவன், சேதி போகிற கம்பிகளை மிச்சம் பிடித்துவிட்டான்.

பில்லில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து உடனே கார்முகிலுக்குப் போன் போட்டான், அந்த மட்டில் அவன் நல்லவன்தான். மணி போனது, அவள் எடுக்கவில்லை. அன்வருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் அவனுக்கு இன்றும் கூசும்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "போன் பண்ணீங்களாண்ணே?"

"இல்லம்மா, கை பட்டிருச்சு."

ராஜா முகம்மதுவுக்கும் ஒன்று விற்றாகிவிட்டது. இவளுக்குச் சொன்னால் பஜாருக்கே சொன்ன மாதிரி. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். மறுநாளும் தள்ளிப்போட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? "சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க, என்னங்க?" என்று மனைவி சுஃபியா கேட்டதற்கும் ஒன்றுமில்லை என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடையைத் திறந்தபோது வாசலில் மொக்கச்சாமி நின்றிருந்தார். நகக்கண்ணில் கரி. கையில் அந்தக் கேபிள், ரப்பர் பேண்டு போட்டு அழகாகச் சுருட்டியிருந்தது.

"பாய், பாப்பா இத ஒங்ககிட்டக் குடுத்துரச் சொல்லுச்சு. நல்ல கேபிளு, வீணா எதுக்குக் கெடக்கணும்? வேற யாருக்காச்சும் ஆகட்டும்."

"போர்டு என்னாச்சுங்கய்யா?"

"அது செத்துப்போச்சாம். பொட்டி இல்லாம ரெண்டு ராத்திரி முழிச்சேன். அடுத்த ராத்திரி கண்ணசந்துட்டேன் பாய். ஸ்டோர்ல கெடந்த காயி பூராம் செவந்து வெடிச்சுப்போச்சு. மொதலாளி வையக்கூட இல்ல. 'ஒனக்கு வயசாயிருச்சு மொக்கச்சாமி, போதும்'னுட்டாரு. அடுப்புக்கு வேற ஆளு போட்டாச்சு. வீட்டக் காலி பண்ணுன்னும் சொல்லத்தான் போறாங்க. அதெல்லாம் கெடக்கட்டும். பாப்பாதான், நான்தான் கார்ட அழிச்சேன், அப்பா பொழப்ப நான்தான் கெடுத்தேன்னு சோறு தண்ணி எறங்காமக் கெடக்கு."

கேபிள்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அன்வர் அதைச் சொல்லாமல் கேபிளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். கடையைச் சாத்தினான். வீட்டுக்கு ஓடி, சுஃபியாவின் பழைய போன் பெட்டிக்குள்ளிருந்த கேபிளை எடுத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தான்.

"நானும் வர்றேன்யா. இன்னொரு தடவ பாத்துருவோம்."

"ஒங்க சோலிய விட்டுட்டு எதுக்கு பாய்?" என்று மொக்கச்சாமி பதறினார். வளைவுகளில் தலை சுற்றும் என்று அவனை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் நெருக்கிக்கொண்டார். வழி நெடுக, இந்தக் காலத்தில் யார் இப்படி வருவார்கள் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அன்வருக்குத் தலை சுற்றியது வளைவினால் அல்ல.

வீட்டுக்கு எதிரே ஸ்டோரின் புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. வேறு ஆள் போட்ட அடுப்பு. மொக்கச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். ராத்திரி வேலை பார்த்த உடம்பு, பாயில் சாய்ந்ததும் தூங்கிவிட்டது.

கார்முகில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அன்வர் நீட்டிய கேபிளைச் செருகினாள். லேப்டாப் டிங் என்றது. முகவரியைத் தட்டிக் கூப்பிட்டாள். போர்டு பதில் சொன்னது. வரிக்கு வரி, விடாமல் சொன்னது.

அவள் சிரிப்பாள் என்று அன்வர் எதிர்பார்த்தான். அவள் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப போர்டு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. கேபிளுதான். அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்."

"அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"கை பட்டிருச்சுன்னீங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் திட்டவில்லை. புரோகிராமைப் போர்டுக்கு ஏற்றினாள். அப்பாவின் புது நம்பரைப் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சூட்டைப் பார்க்கிற கம்பியைச் சமையல் அடுப்போரம் பிடித்தாள்.

ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் போன் அலறியது.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" மொக்கச்சாமி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். மூலையில் சாத்தியிருந்த விறகு இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி முற்றத்தைத் தாண்டி ஸ்டோரைப் பார்த்து ஓடினார். பாதி வழியில்தான் புகை கண்ணில் பட்டது. நின்றார். உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "பாப்பா, பொட்டியா அடிக்குது?" கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அன்வரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மக மூஞ்சியக் காப்பாத்திட்டீங்க பாய். நீங்க நல்லா இருக்கணும்."

"கும்பிடாதீங்கய்யா." அன்வர் அவர் கையைப் பிடித்து இறக்கினான். சொன்னான். மலிவுக் கட்டு, வெட்டிப் பார்த்த கேபிள், கை பட்ட போன், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். கார்முகில் தலையைத் தூக்கவே இல்லை.

மொக்கச்சாமி கேட்டு முடித்தார். ஸ்டோர் பக்கம் திரும்பினார்.

"இத மொதலாளிகிட்ட இப்பிடியே சொல்லுவியா?"

அவர் வாயிலிருந்து 'பாய்' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. அன்வர் ரப்பர் பேண்டு போட்ட அந்தக் கேபிளைப் பையிலிருந்து வெளியே எடுத்தான்.

"சொல்றேன்யா."

"அப்ப வெரசா வா. அவரு கெளம்பிருவாரு."

கம்பியைக் கீழே வைக்காமலே அவர் முன்னால் நடந்தார்.