மிளகு மணத்த வைன்

நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்ததில், ஒரே அடுக்கிலிருந்த முப்பது வைன் போத்தல்களின் லேபிள்கள் ஊறிக் கழன்றுவிட்டன. 1986 ஒக்டோபர், பிற்பகல் மூன்று மணி. சுவிட்சர்லாந்தில், ஃப்ரிபூர்க் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த உணவகத்தின் சமையலறையில், முதலாளி மதாம் ரொசியே அவற்றைப் பார்த்தபடி நின்றார். போர்தோ வைன் என்றால் போத்தலுக்குத் தோள் இருக்கும். இவை கழுத்துச் சரிந்தவை. பிரான்ஸின் பர்கண்டி வைனாக இருக்கலாம், ரோன் பள்ளத்தாக்கு வைனாகவும் இருக்கலாம். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒன்றைத் திறந்தார். தக்கையிலும் எழுத்தில்லை.

பாத்திரம் கழுவும் சந்திரமதி, ஊற்றிவைத்த கிளாஸை எடுத்து யோசிக்காமல் முகர்ந்தாள்.

"பர்கண்டி இல்லை, மதாம். மிளகு மணக்குது. இது ரோன்."

மதாமும் முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பர்கண்டியில, டிஜோன் பக்கம் திராட்சைத் தோட்டத்தில ரெண்டு வருஷம்..." வாய் முந்திக்கொண்டது.

மதாமுக்கு ஒரே சந்தோஷம். இனிச் சிங்க் வேண்டாம், மேசைகளைப் பார்க்கட்டும் என்றார். சந்திரமதியின் அகதி வழக்கு தலைநகர் பேர்னின் அகதிகள் அலுவலகத்தில் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். "பர்கண்டியில் வேலை செய்த அனுபவசாலி என்று இன்றைக்கே அவர்களுக்கு எழுதுகிறேன்."

சந்திரமதி கிளாஸை மேசையில் வைத்துவிட்டாள். கொழும்பிலிருந்து ரோமுக்கு வந்து, எங்கும் நில்லாமல் ரயிலேறினோம் என்றுதான் அவளும் கணவனும் விசாரணையில் சொல்லியிருந்தார்கள். பிரான்ஸில் இருந்தது தெரிந்தால், அங்கேயே தஞ்சம் கேட்டிருக்கலாமே என்பார்கள்; வழக்கு அதோடு சரி.

இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். சலவைக்கூடத்தில் காலை முறை முடித்து வந்த கணவன் குணசேகரம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்கோ, டிஜோன் கதையை மதாமிட்டைச் சொல்லிப்போட்டன். அவ பேர்னுக்குக் கடிதம் எழுதப்போறா."

கத்தி நின்றது. "சும்மா சொன்னனான் எண்டு சொல்லும். ஆரோ சொல்லித்தந்தது எண்டு சொல்லும்."

"மணந்து பார்த்துச் சொன்னனான். அதை எப்பிடிச் சும்மா எண்டுறது?"

"உண்மையைச் சொன்னா ரெண்டு பேரையும் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

அவளால் இருக்க முடியவில்லை. ஆற்றுப் பாலம்வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். பயம் ஒருபக்கம் இருக்க, அதற்குள்ளே ஒரு பூரிப்பும் கிடந்து நமைச்சல் கொடுத்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று இந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார்கள்; அவள் சொன்னதும் சரியாக இருந்தது. அதைப் போய்ப் பொய்யென்று சொல்ல நாக்கு வருமா?

ஐந்து மணிக்கு மதாம் தட்டச்சு செய்த கடிதத்தோடு காத்திருந்தார்.

"அனுப்பாதீங்கோ, மதாம்."

"ஏன்?"

திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பொறுக்கிய பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ரோம், ரயில், டிஜோன், இரவில் நடந்து கடந்த எல்லைக் காடு, விசாரணையில் சொன்ன பொய். கோபமா இரக்கமா என்று மதாமின் முகத்தில் பிடிபடவில்லை. வாசல் மணி அடித்தது. கடிதத்தை இரண்டாக மடித்துப் பாவாடைப் பையில் செருகிக்கொண்டு விருந்தினரை வரவேற்கப் போய்விட்டார்.

சந்திரமதி சிங்கில் சுடுதண்ணீரைத் திறந்தாள். சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி ஆவியில் மங்கியது. முழங்கையால் துடைத்துப் பார்த்தாள். லேபிள் இல்லாத போத்தலைச் சாய்த்து, மதாம் ஒரு கிழவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் குனியக் குனிய, பையிலிருந்து, கிழிக்கவும்படாத அனுப்பவும்படாத கடிதத்தின் வெள்ளை ஓரம் வெளியே எட்டிப் பார்த்தது. கிழவர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கினார். கதவுக் கண்ணாடி மறுபடி மங்கத் தொடங்கியது.